மண் நிரப்ப அவசரப்படாத ஒப்பந்ததாரர்: ஏற்காட்டுச் சரிவில் ஓர் அனுபவம்

ஏற்காட்டில் சரிவான மனையில் வீடு கட்டுவதற்காகச் சேலத்தைச் சேர்ந்த ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். மேட்டுப் பக்கத்தில் மண்ணைத் தாங்கி நிற்க வேண்டிய ஒன்பதடி கான்கிரீட் அடித்தளச் சுவரை அவர்கள் கையாண்ட விதத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

கான்கிரீட் வார்க்க அடித்திருந்த பலகைகளைப் பிரித்த மறுவாரமே, மழைக்கு முன் சுவருக்கு வெளிப்புறம் மண்ணை நிரப்பிவிடலாம் என்று நான் வற்புறுத்தினேன். பொறியாளர் மறுத்துவிட்டார். ஏழு நாளில் கான்கிரீட் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமையையே எட்டும் என்றும், 28 நாள் ஆகி எதிர்பார்த்த வலிமை வந்தாலும் மேலே தளம் போட்டு இறுகும்வரை சுவரின் தலைப்பகுதிக்குப் பிடிப்பு இருக்காது என்றும், அந்த நிலையில் ஈரமண்ணின் அழுத்தம் சுவரை உள்நோக்கிச் சாய்த்துவிடலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். தளம் இறுகிய பிறகே நிரப்பினார்கள். சுவரின் வெளிப்புறத்தில் நீர்க்காப்புப் பூச்சு, அடியில் நீர் வடியத் துளையிட்ட குழாய், அதைச் சுற்றி ஜல்லி, பிறகு அரையடிக்கு ஓர் அடுக்காக மண் என்று வேலை நடந்தது. சுவரையொட்டி ஜேசிபியை விடாமல் சிறு அதிர்வு இயந்திரத்தால் இறுக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறையும் உண்டு. நிரப்பிய மண்ணில் உடைந்த பலகைகளும் சிமெண்ட் பைகளும் கிடந்தன. அவை மக்கினால் மண் தாழும் என்பதால், நானே நின்று பொறுக்கி எடுக்க வைத்தேன். ஜல்லிக்கான செலவையும் மதிப்பீட்டில் முன்பே காட்டியிருக்க வேண்டும். ஆனாலும் ஐப்பசி மழையில் உட்சுவர் உலர்ந்தே இருந்தது.