ஒப்பந்தத்தில் எழுதாத வரி: ரோம் விதியும் மெக்சிகோ உடன்படிக்கையும்

குன்னூரில் தேயிலை ஏற்றுமதி செய்யும் தம்பி ஒருவர் போன மழைக்காலத்தில் ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கு அனுப்பிய ஆர்த்தடாக்ஸ் (இலையாகவே சுருட்டிப் பதப்படுத்தும் ரகம்) தேயிலையில் ஈரவாடை என்று சொல்லி, வாங்கியவர் பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கக் காகிதம். விலை, எடை, கொச்சியில் கப்பலேறும் தேதி எல்லாம் இருந்தது. தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

“நம்ம நாட்டுச் சட்டம்தானேண்ணா வரும்?” என்றார்.

வழக்கு ஜெர்மனியில் நடந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்குக் காரணம் ஐரோப்பியர்களே தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதி. 1980-ல் ரோம் உடன்படிக்கையாகக் கையெழுத்தாகி, 1991-ல் நடைமுறைக்கு வந்தது. பிறகு 2008-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரோம் 1’ ஒழுங்குமுறையாக மாறி, 2009 டிசம்பர் 17 முதல் போடப்படும் ஒப்பந்தங்களுக்குப் பொருந்துகிறது. ஒன்றிய நாடுகளில் டென்மார்க் மட்டும் இன்னும் பழைய உடன்படிக்கையில்தான் இருக்கிறது. இரு தரப்பும் ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுதான். எதுவும் எழுதவில்லையா? சரக்கு விற்பனை என்றால் விற்பவர் தொழில் நடத்தும் நாட்டின் சட்டம். அந்த நாடு ஐரோப்பாவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆக, ஹாம்பர்க் நீதிபதி 1930-ஆம் ஆண்டின் இந்திய சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும். வேறு நாட்டோடு வெளிப்படையாகவே நெருங்கிய தொடர்பு தெரிந்தால் விலக்கு உண்டு, ஆனால் அது எளிதில் கிடைக்காது.

நம் மலைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏலத்தில் விற்றால், ஏலம் நடக்கும் நாட்டின் சட்டம், அதுவும் அந்த இடத்தைச் சொல்ல முடிந்தால்தான் என்கிறது ரோம் 1. முன்பு குன்னூர் ஏலக்கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்து விலை கேட்டபோது இதில் குழப்பமே இல்லை. இப்போது எல்லாம் கணினித் திரையில் நடக்கிறது. இடம் எது என்று வக்கீல்கள் வாதாட வழி இருக்கிறது. தம்பி ஏலத்தில் எடுத்துத் தனியாகப் பேசி விற்றவர், அதனால் தப்பித்தார்.

மெக்சிகோ உடன்படிக்கை வேறு மாதிரி. வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் 1994-ல் மெக்சிகோ நகரத்தில் கூடி உருவாக்கியது. இங்கேயும் எழுதியிருந்தால் எழுதியதுதான். எழுதாவிட்டால் விற்பவர், வாங்குபவர் என்ற கணக்கே கிடையாது. எந்த நாட்டோடு மிக நெருங்கிய தொடர்பு என்று நீதிபதி தேட வேண்டும். சர்வதேச வணிகத்தின் பொதுக் கொள்கைகளையும் கருத்தில் எடுக்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் வியாபார வழக்கங்களையும் பார்க்கலாம். சாம்பிளை ருசி பார்த்து விலை பேசும் நம் தொழிலுக்கு இது இதமான பார்வை, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சிறிய வியாபாரிக்கு விடை முன்கூட்டியே தெரிய வேண்டும். நீதிபதி தேடிக் கண்டுபிடிக்கும்வரை வக்கீல் பீஸ் கட்ட அவரால் முடியாது. தவிர, ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்ட இதில் மெக்சிகோவும் வெனிசுவேலாவும்தான் உறுப்பினர்கள். தம்பியின் நிலையில் இருப்பவருக்கு நான் ரோமைத்தான் சொல்வேன்.

இந்தியா இப்படி எந்த வட்டார உடன்படிக்கையிலும் இல்லை. அரசு மின் நிறுவனமான என்டிபிசிக்கும் சிங்கர் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992-ல் சொன்னதுதான் நமக்கு வழிகாட்டி: தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் சட்டம், இல்லாவிட்டால் மிக நெருங்கிய, உண்மையான தொடர்புள்ள நாட்டின் சட்டம். யோசித்துப் பார்த்தால் நாம் ரோமைவிட மெக்சிகோவுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறோம்.

வாங்குபவர் அனுப்பும் அச்சடித்த படிவத்தில் “ஜெர்மன் சட்டம்” என்று இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டால் கதையே வேறு. சரக்கு விற்பனை பற்றிய 1980 வியன்னா உடன்படிக்கையும் கூடவே வரும், விலக்கி எழுதினால் தவிர. ஜெர்மனி அதில் உறுப்பினர், இந்தியா இல்லை.

இந்தியச் சட்டம் வந்தால் தம்பிக்கு என்ன லாபம்? 17-ஆம் பிரிவு. சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும், அதுதான் அடிப்படைக் கேள்வி. அவர் அலமாரியில் அந்த லாட்டின் சாம்பிள் டப்பா, தேதி எழுதிய சீட்டோடு, மூடி திறக்காமல் இருந்தது. அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் இன்னொன்று. எந்தச் சட்டம் என்பது ஒரு கேள்வி, எங்கே வழக்கு என்பது வேறு கேள்வி. இங்கே வாங்கிய தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் பணம் வசூலிப்பது பெரும்பாடு. நீதிமன்றத்துக்குப் பதிலாக இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நடுவர் தரும் தீர்ப்பு என்றால், வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றச் சொல்லும் 1958 நியூயார்க் உடன்படிக்கை துணைக்கு வரும், இரண்டு நாடுகளும் அதில் இருக்கின்றன. அதனால் அடுத்த ஒப்பந்தத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: இந்தியச் சட்டம், நடுவர் விசாரணை. வாங்குபவர் சட்டத்துக்கு ஒத்துக்கொண்டார், நடுவர் விசாரணை சிங்கப்பூரில் நடக்கட்டும் என்றார். “சரின்னு சொல்லிடவாண்ணா?” என்று தம்பி போனில் கேட்டார். சொல்லச் சொன்னேன்.