கடைக்காரரின் மூன்று குணமா, காட்ஸின் மூன்று திறனா?

தாய்லாந்தில் பௌத்தக் கோயிலுக்குள்ளேயே நடக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு. படிப்பவர்கள் சாமணேரர்கள், அதாவது பிக்கு எனும் முழுத் துறவி ஆகும் வயது வராத இளந்துறவிகள். தலைமைப் பொறுப்பில் இருப்பவரும் பெரும்பாலும் ஒரு பிக்குதான். பௌத்த நூல்களின் மொழியான பாலியும் புத்தரின் போதனையான தம்மமும் ஒரு பக்கம், கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் இன்னொரு பக்கம். 1971-ல் இந்தப் பொதுக்கல்விப் பிரிவு முறைப்படி ஆரம்பித்தது, 2019-ல் இந்தக் கல்விக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. சரி, தியானமும் பாலியும் கற்ற ஒருவருக்குத் தலைமைத் திறனை எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? அங்கே அடிக்கடி எடுத்து வைக்கப்படும் இரண்டு சட்டகங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது அமெரிக்கச் சரக்கு. ராபர்ட் காட்ஸ் 1955-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ என்ற நிர்வாக இதழில் எழுதிய கட்டுரை. நிர்வாகிக்கு மூன்று திறன் வேண்டும் என்றார்: வேலை நுணுக்கம் தெரிவது, மனிதர்களோடு வேலை செய்யத் தெரிவது, மொத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தெரிவது. மேலே போகப் போக நுணுக்கத்தின் தேவை குறையும், மொத்தப் பார்வையின் தேவை கூடும்.

இரண்டாவது, புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வரும் பாபணிக சூத்திரம். பாபணிகர் என்றால் கடைக்காரர். அவருக்கும் மூன்றுதான். கண் இருக்க வேண்டும்: இந்தச் சரக்கை இந்த விலைக்கு வாங்கி இந்த விலைக்கு விற்றால் இவ்வளவு மிஞ்சும் என்று தெரிய வேண்டும். வாங்கி விற்கும் சாமர்த்தியம் வேண்டும். அப்புறம் 'நிஸ்ஸயம்', அதாவது சார்பு: ஊர்ப் பணக்காரர்கள் இவரைப் பார்த்து, ஆள் கெட்டிக்காரர், பெண்டாட்டி பிள்ளையையும் காப்பாற்றுவார், நம் கடனையும் திருப்பித் தருவார் என்று நம்பித் தாங்களே கூப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை.

1887-ல் தொடங்கிய மகாசுலாலங்கோர்ன் பௌத்தப் பல்கலைக்கழகத்தில் பௌத்தக் கல்வி நிர்வாகம் தனிப் படிப்பாகவே இருக்கிறது. தாய்லாந்து ஆய்வேடுகளில் இந்த இரண்டு பட்டியலையும் ஒரே அட்டவணையில் போட்டு, கண் என்றால் மொத்தப் பார்வை, சாமர்த்தியம் என்றால் நுணுக்கம், சார்பு என்றால் மனித உறவு என்று கோடு இழுத்துவிடுவது வழக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மூன்றாவது கோடு எனக்கு ஒப்பவில்லை.

காட்ஸ் சொல்லும் மனிதத் திறன், தன் கீழே, பக்கத்தில், மேலே இருப்பவர்களோடு ஒத்துப்போய் வேலை வாங்குவது. கடைக்காரரின் சார்பு அது இல்லை. வெளியே இருப்பவர் நம்பிக் கொடுப்பது அது. கோயில் பள்ளி ஓடுவதே அதில்தான். கட்டணம் கிடையாது, அரசு மானியம் போக மற்றது ஊராரின் தானம். பிள்ளைகளும் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் பலர் காவியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவனுக்கும் சேர்த்துத்தான் ஊர் அரிசி போடுகிறது. 2009 முதல் அரசுப் பள்ளியிலேயே பதினைந்து ஆண்டு இலவசக் கல்வி, பிறப்பு விகிதமும் சரிகிறது, ஆகவே பிள்ளைகளைத் தேடிப்போய் அழைத்து வர வேண்டிய நிலை. இந்த இடத்தில் கடைக்காரர் காட்ஸை முந்திவிடுகிறார்.

ஆனால் கணக்கு என்று வந்தால் காட்ஸ்தான். 2018-ல் கோயில் நிதி முறைகேட்டு வழக்கில் மூத்த பிக்குகள் சிலரே கைதானார்கள். அந்த விவகாரத்தில் பௌத்தக் கல்விக்கான ஒதுக்கீடும் அடிபட்டது. பணத்தைக் கையால் தொடக்கூடாது என்பது விநயம், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதி, ஆனால் ரசீதைப் படித்துப் பார்க்கக் கூடாது என்று எந்த விநயமும் சொல்லவில்லையே. வரவு செலவு, தணிக்கை, கொள்முதல் எல்லாம் உட்கார்ந்து கற்க வேண்டிய நுணுக்கம். 'சாமர்த்தியம்' என்ற ஒற்றைச் சொல்லில் அது அடங்காது. அதே சமயம், மேலே போனால் நுணுக்கம் குறையும் என்ற காட்ஸின் கணக்கும் இங்கே பலிக்காது. சின்னக் கோயில் பள்ளியில் தலைமைப் பிக்குதான் கால அட்டவணையும் போடுவார், பாலியும் எடுப்பார், சமையல்கட்டையும் எட்டிப் பார்ப்பார். நண்பகலுக்கு மேல் சாமணேரர்கள் சாப்பிட முடியாது. சோறு நண்பகலைத் தாண்டிவிட்டால் ஒரு பள்ளிக்கூடமே மறுநாள் காலை வரை பட்டினி. இது எந்தப் பெட்டியில் வரும், நுணுக்கமா மொத்தப் பார்வையா?

சத்புருஷ தர்மம், அதாவது நல்ல மனிதரின் குணங்கள், ஏழு என்று மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு: காரணம், பயன், தன்னை, அளவு, காலம், கூட்டம், ஆள் இவற்றை அறிவது. நல்ல பட்டியல்தான். ஆனால் ஏழிலும் தலைமைப் பிக்குவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி ஆசிரியர்களிடம் தாளைக் கொடுத்தால், தினமும் கைகூப்பி வணங்கும் பிக்குவுக்கு யார் இரண்டு போடுவார்கள்?

இப்போது அட்டவணைக்காரர்கள் தாண்டிப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சூத்திரம் கடைக்காரரோடு முடியவில்லை. அதே மூன்றையும் பிக்குவுக்கும் சொல்கிறது, அங்கே சார்பு என்பதன் பொருள் மாறுகிறது: கற்றறிந்த மூத்த பிக்குகளிடம் அவ்வப்போது போய், இது எப்படி, இதன் பொருள் என்ன என்று கேட்பது. விநயத்திலும் இதே சொல்தான். புதிதாகத் துறவேற்றவர் குறைந்தது ஐந்து ஆண்டு ஓர் ஆசானின் நிஸ்ஸயத்தில் இருக்க வேண்டும். கடைக்காரருக்குக் கடன் கொடுப்பவர் எப்படியோ, பிக்குவுக்குப் பதில் சொல்லும் மூத்தவர் அப்படி.

ஆகவே மூன்று நாள் பயிற்சிக்கு என்னிடம் திட்டம் கேட்டால், அந்த மூன்று நாளையும் கணக்குக்கே கொடுத்துவிடுவேன், காட்ஸின் பெயரைக்கூடச் சொல்லாமல். தலைமையைக் கற்க, நன்றாக நடக்கும் வேறொரு கோயில் பள்ளிக்கு ஒரு பருவம் அனுப்பி வைப்பேன். அங்கே மூத்தவர் காலைப் பிண்டபாதத்தில், அதாவது உணவு ஏற்கப் போகும் நடையில், எந்த வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறார், பதினோரு மணிக்கு மணி அடிக்கும் முன் சமையல்கட்டில் யாரிடம் என்ன கேட்கிறார் என்று பார்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கட்டும்.