மேலே இருந்து உறிஞ்சுவதா, கீழே இருந்து வடிப்பதா?

வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்ற இரண்டு வழி உண்டு. காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் வடிகால் போல்ட்டை (ட்ரெயின் போல்ட்) கழற்றி வடிப்பது ஒன்று. பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை இறக்கி, கைப்பம்ப் அடித்து மேலே இருந்தே உறிஞ்சி எடுப்பது இன்னொன்று. இந்த உறிஞ்சும் பம்ப்பை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன், இரண்டு கார்களில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்று என்னுடைய பெட்ரோல் ஸ்விஃப்ட், மற்றது மச்சானின் ஸ்கோடா ஆக்டேவியா (1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின்). ஆக்டேவியாவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்விஃப்ட்டுக்கு இது வேண்டியதே இல்லை.

நான் பம்ப் வாங்கியதற்கே காரணம் ஒரு போல்ட்தான். முன்பு வைத்திருந்த காரில் சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு. அதற்கு முந்தைய சர்வீஸில் யாரோ நீளமான பைப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். நான் ஸ்பானர் வைத்துத் திருப்பியபோது போல்ட்டோடு சேர்ந்து வெள்ளிக் கம்பிபோலச் சுருண்டு வந்தது, சம்ப்பின் மரை. புதிய மரைச்சுருள் வைத்துச் சரிசெய்தும் கசிவு நிற்கவில்லை, கடைசியில் சம்ப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. பல சின்ன கார்களில் இந்த போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குபவர்கள் அதை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். மேலே இருந்து உறிஞ்சினால் இந்த போல்ட்டைத் தொடவே வேண்டாம். எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான்.

அப்புறம் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். காரைத் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டும் சமதரையும் இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் சரிவானது. அங்கே காரைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பம்ப்புக்குக் காரைத் தூக்கவே வேண்டாம்.

உறிஞ்சுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாம் உறிஞ்சுவதாகச் சொன்னாலும், ஆயிலை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுதான். எவ்வளவு வேகமாகப் பம்ப் அடித்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. ஆகவே ஆயில் நீர்த்திருக்க வேண்டும், டியூப் அகலமாக இருக்க வேண்டும். 5டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மைத் தரமுள்ள ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கெட்டித்தன்மைக்கு இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் நின்ற கார்தானே என்று நினைக்க வேண்டாம், ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். டியூபைத் தொட்டால் சுட வேண்டும், கையை எடுக்கும்படி கொதிக்கக் கூடாது. அந்தப் பதத்தில் ஆயில் நன்றாக ஏறும். டியூப் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமை. குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டரானால் ஓட்டம் ஐந்து மடங்கு கூடும். டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையக்கூடிய டியூப்களில் பெரியது எதுவோ அதைப் போடுங்கள். எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து வையுங்கள், உள்ளே காற்று போக வேண்டுமே.

சரி, முழுதும் வந்துவிடுமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. டியூப் சம்ப்பின் அடியைத் தொட்டால் வரும். வழியில் தடுப்புத் தகட்டில் முட்டி நின்றாலோ, அடியில் சுருண்டு நுனி மேல்நோக்கித் திரும்பினாலோ மீதி தங்கிவிடும். அதனால் முதல் தடவை இரண்டு வழியையும் ஒன்றாகச் செய்து பார்த்தேன். உறிஞ்சி முடித்துவிட்டு, ட்ரெயின் போல்ட்டையும் திறந்து, வந்ததை அளவுக் குவளையில் பிடித்தேன். ஆக்டேவியாவில் ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சிய பிறகு கீழே வந்தது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. ஸ்விஃப்ட்டிலோ மூன்று லிட்டர் சொச்சத்தில் கால் லிட்டருக்கும் மேல் உள்ளேயே நின்றுவிட்டது. டியூபை வெளியே எடுத்து, திருப்பி, மீண்டும் இறக்கிப் பார்த்தும் நூறு மில்லிதான் கூடுதலாகக் கிடைத்தது. வாங்குகிற எல்லோருக்கும் என் யோசனை இந்தச் சோதனைதான், ஒரு தடவை செய்தால் போதும். பம்ப்பின் தொட்டியில் அளவுக்கோடு இருப்பது இங்கே உதவும். உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும்போது கையேட்டில் உள்ள முழு அளவையும் அப்படியே ஊற்றினால் அதிகமாகிவிடும். அப்போது எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். வந்த அளவைப் பார்த்து ஊற்றி, டிப்ஸ்டிக்கில் சரிபாருங்கள்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் இந்தப் பம்ப்பைப் பார்த்ததும் கேட்டது, "அடியில மண்டி தங்கிடுமே தம்பி?" நியாயமான கவலை. ஆனால் நல்ல ஆயிலில் இருக்கும் டிஸ்பர்சன்ட் என்ற சேர்மானம், புகைக்கரியை ஆயிலோடே மிதக்க வைக்கிறது. சூடாக இருக்கும்போது எடுத்தால் அது கூடவே வந்துவிடும். சம்ப்பின் தரையில் பிசினாக ஒட்டிய மண்டி, போல்ட்டைத் திறந்தாலும் வராது. அண்ணன் பக்கம் இருக்கும் உண்மை வேறு: வடியும் ஆயிலில் உலோக மினுமினுப்பு தெரிகிறதா, காந்த போல்ட்டில் இரும்புத்தூள் படிந்திருக்கிறதா, சம்ப்பில் கல் பட்ட அடி இருக்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பு மேலே நின்று வேலை செய்பவனுக்குப் போய்விடும். அவர் சொன்ன பிறகு ஆக்டேவியாவில் இரண்டு முறை உறிஞ்சினால் மூன்றாவது முறை கீழே திறக்கிறோம்.

இனி, ஆயிலோடு சேர்த்து மாற்றும் ஆயில் ஃபில்டர். ஆக்டேவியாவின் 1.8 டிஎஸ்ஐ எஞ்சினில் ஃபில்டர் மேலேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. பல மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ கார்களிலும் அப்படித்தான். இந்த வகையில் முதலில் ஃபில்டரைத் தளர்த்தி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் அதிலிருக்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும், அதன்பிறகு உறிஞ்சுங்கள். முழு வேலையும் சட்டை அழுக்காகாமல் அரை மணி நேரத்தில் முடிகிறது. ஸ்விஃப்ட்டின் ஃபில்டர் கீழே. அதைக் கழற்ற எப்படியும் காரைத் தூக்கி அடியில் போயாக வேண்டும். போன பிறகு ஒரு கை தூரத்தில் இருக்கும் போல்ட்டைத் திறக்காமல் எதற்கு மேலே வந்து பம்ப் அடிப்பது? முழங்கை வரை சூடான ஆயில் வழிந்தாலும் சரி, ஸ்விஃப்ட்டுக்கு நான் கீழேதான் போகிறேன். அதுவும் பார்க்கிங்கில் இல்லை, மாமனார் வீட்டு முற்றத்தில்.

பேட்டரியில் ஓடும் சின்ன 12 வோல்ட் பம்ப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. நான் ஒன்றை வாங்கினேன், இரண்டாவது ஆயில் மாற்றத்திலேயே மோட்டார் சூடாகி நின்றது. ஆறு லிட்டருக்குக் குறையாத தொட்டி உள்ள கைப்பம்ப் வாங்குங்கள். பிரேக் ஆயில் எடுக்க மட்டும் அதையே பயன்படுத்தாதீர்கள், துளி எஞ்சின் ஆயில் கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

எந்த வழியில் எடுத்தாலும் பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி அது அபாயகரக் கழிவு. நான் கேனில் மூடி வைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப் போகும் ஆள் வரும் நாளில் மெக்கானிக் அண்ணன் கடையில் கொடுத்துவிடுகிறேன். பம்ப்பின் தொட்டியில் ஊற்றுவாய் இருப்பதால் கேனுக்கு மாற்றும்போது ஒரு சொட்டுகூடத் தரையில் விழுவதில்லை.