பச்சிளம் குழந்தைக்கு டியூப்: வெறும் பிளேடா, கேமராவா, எல்.எம்.ஏ.வா?

பிறந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது கையில் இருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. கிலோ கணக்கில் பார்த்தால் பெரியவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கிற உடம்பு, நுரையீரலில் சேமிப்போ சொற்பம். மாஸ்க்கை எடுத்த சில நொடிகளில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கும், பின்னாலேயே இதயத்துடிப்பும். அதனால் எதில் நன்றாகத் தெரிகிறது என்பதோடு நடுவில் ஆக்சிஜன் கொடுக்க வழியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய மில்லர் நேர் பிளேடு (தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பிளேடு), சைஸ் 0 அல்லது 1. தொளதொளவென்று நீண்டிருக்கும் எபிகிளாட்டிஸை (குரல்வளை மூடியை) தூக்கிப் பிடிக்க அதுதான் வசதி. ஆனால் உள்ளே பார்ப்பவர் ஒருவர் மட்டும். வெளியே குரல்வளையை அழுத்தித் தருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரிதான்.

அதே பிளேடில் கேமரா இருந்தால் எல்லோர் கண்ணும் ஒரே திரையில். டப்ளினில் பச்சிளம் குழந்தைகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் முதல் முயற்சியிலேயே டியூப் போனது வீடியோவில் 74%, நேரடிப் பார்வையில் 45%. (அது ஆபரேஷன் தியேட்டரில் நடந்ததல்ல, சரி.) அதே ஆண்டு வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் வீடியோவுக்குத்தான் முதலிடம் தருகிறது, அதுவும் வழக்கமான வடிவப் பிளேடுக்கு. ரொம்ப வளைந்த பிளேடில் படம் அழகாக வரும், டியூப் திரும்பாது. டியூபுக்குள் செருகும் கம்பியான ஸ்டைலெட்டை முன்பே வளைத்து வைத்திருக்க வேண்டும்.

பியர் ராபின் குழந்தை, அதாவது தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழுகிறது என்றால், என் ஓட்டு எல்.எம்.ஏ.வுக்கு (தொண்டைக்குள் குரல்வளை மேல் உட்காரும் மாஸ்க்). 5 கிலோ வரை சைஸ் 1. முதலில் ஆக்சிஜன் போகிறது, மூச்சு விடலாம் (நமக்கும்தான்). அப்புறம் அதற்குள்ளேயே டியூபை மாட்டிய ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (வளையும் மெல்லிய பார்வைக் குழாய்). 2.2 மி.மீ. ஸ்கோப்பில் உறிஞ்சும் வழி கிடையாது, ஒரு சொட்டு எச்சில் பட்டால் திரை வெள்ளை. அதைவிடப் பெரிய தலைவலி எல்.எம்.ஏ.வைக் கழற்றுவது: டியூப் குட்டை, கூடவே வெளியே வந்துவிடும். டியூபின் வெளிமுனையில் இருக்கும் கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு டியூபைப் பின்னால் முட்டுக் கொடுத்து, எல்.எம்.ஏ.வை மட்டும் உருவ வேண்டும். இதைப் பொம்மையில் பத்துத் தடவை செய்து பார்க்காமல் குழந்தையிடம் போகாதீர்கள்.

எதுவும் நடக்காவிட்டால் கடைசி வழியாகக் கழுத்தின் முன்பக்கச் சவ்வில் ஊசி குத்தி ஆக்சிஜன் கொடுப்பதை நம்பவே வேண்டாம். அந்தச் சவ்வு சில மில்லிமீட்டர்தான். கடினம் என்று முன்பே தெரிந்தால் மயக்கம் கொடுப்பதற்கு முன்னாலேயே ஈ.என்.டி. சர்ஜன் கையுறை போட்டுப் பக்கத்தில் நிற்கட்டும். மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரே கருவியில் இரண்டு தடவைக்கு மேல் முயல மாட்டேன், குத்திக் குத்தி வீங்கினால் மாஸ்க்கில்கூடக் காற்றுப் போகாது.