தேவிபட்டினம் மருந்துக் கடையில் அமிலம் வாங்காமல் திரும்பிய நாள்

டொராண்டோவில் குளிர்காலம் முழுவதும் இரவில் முகத்தில் பூசிவந்த, இறந்த தோலை நீக்கும் 10 சதவீதக் கிளைகாலிக் அமிலக் குப்பியை, மாசியில் ஊருக்கு வரும்போதும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் டிசம்பரில் அது என் முகத்தை ஒன்றும் செய்ததில்லை. இராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டு உச்சிவெயிலில் தனுஷ்கோடி மணலில் நின்ற அன்றிரவு, இரண்டு கன்னங்களும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தன.

மறுநாள் இராமநாதபுரத்தில் ஏறிய முதல் கடையில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதைப் போடுங்க, வெளுத்துரும்" என்று ஒரு களிம்பை எடுத்து வைத்தார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தால் ஸ்டீராய்டு! இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே விதி வந்துவிட்டது. தோலை மெலியவைத்து, நிறுத்தியதும் சிவப்பும் பருவுமாகக் கிளப்பிவிடும் மருந்தை, நிறத்துக்கு ஏங்கும் பிள்ளைகளிடம் இன்னும் இப்படித்தான் தள்ளுகிறார்களா என்று நெஞ்சு கொதித்தது.

தேவிபட்டினத்தில், எங்கள் தெருமுனைக் கடையில் இருந்த இளம் மருந்தாளுநர் முதலில் கேள்விதான் கேட்டார். "எத்தனை நாளாப் போடுறீங்கக்கா? கடைசியா எப்பப் போட்டீங்க? வெயில்ல அலையுறீங்களா?" டொராண்டோக் கடைகளில் இந்த அமிலங்கள் சுவர் நீளத்துக்கு அடுக்கியிருக்கும், எதை எடுத்தாலும், இயந்திரத்தில் பணம் கட்டி வெளியேறும்வரை ஒரு மனிதரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இறந்த செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பைத்தான் இந்த அமிலங்கள் தளர்த்துகின்றன என்றும், அதனால் தோல் வெயிலுக்கு எளிதில் கன்றிவிடும் என்றும், பூசுவதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் அந்தக் கூச்சம் இருக்கும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். கிளைகாலிக்கின் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் விரைந்து உள்ளே இறங்கும். லாக்டிக் அமிலம் அதைவிடச் சற்றுப் பெரியது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். மாண்டெலிக் அமிலம் கிளைகாலிக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இன்னும் மெதுவாகவே இறங்கும்.

"தயிர்ல இருக்குற அமிலந்தாக்கா லாக்டிக்" என்று அவர் சொன்னதும், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலன்று அப்பத்தா புளித்த தயிரில் கடலைமாவைக் குழைத்து என் முகத்தில் அப்பிய கிணற்றடி அப்படியே கண்முன் வந்தது. அந்தத் தயிரின் புளிப்பு நாளுக்கு நாள் மாறும். கடையிலிருந்த லாக்டிக் குப்பியில் 5 சதவீதம் என்றால் 5 சதவீதம்தான்.

ஆனால் அந்தக் குப்பியையும் அவர் அன்று விற்கவில்லை. "முகம் ஆறட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று, வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பும், எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீனும் மட்டும் கொடுத்து, வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசச் சொன்னார். கையில் காசோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பிய கடையை நான் இரண்டு நாட்டிலும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் போனேன். வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லி இரண்டு கன்னங்களையும் உற்றுப் பார்த்த பிறகே, முக்காலியில் ஏறி மேல்தட்டிலிருந்து லாக்டிக் குப்பியை எடுத்து, அட்டையின்மேல் "வாரம் 2 இரவு" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்.