ஐபிஎஸ் வயித்துக்கு ஃபைபர் பிஸ்கட், ப்ரோபயாட்டிக் பாட்டில், இசப்கோல்: எதுக்கு காசு குடுக்கலாம்

ராம்நாடு, கீழக்கரை பக்கம் டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல இப்பல்லாம் வயித்துக்குன்னே தனி ரேக் வந்திருச்சு. எனக்கு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) இருக்கு, டெஸ்ட் எல்லாம் எடுத்து டாக்டர் சொன்னது தான், ஒரு வாரம் மோஷனே ஒழுங்கா போகாது அடுத்த வாரம் ராமேஸ்வரம் பஸ் ஏறவே பயமா இருக்கும், அதனால அந்த ரேக்ல இருக்கிறத ஒவ்வொண்ணா வாங்கி சாப்ட்டு பாத்தாச்சு.

மொதல்ல ஹை ஃபைபர் பிஸ்கட். வேணவே வேணாம். பாக்கெட்ட திருப்பி பொடி எழுத்த படிங்க, கோதுமை தவிடு இல்லன்னா இன்யூலின், சிக்கரி வேர் நார்னு போட்டிருக்கும். தவிடு கரையாத நார், ஐபிஎஸ்காரங்களுக்கு வலியும் உப்புசமும் கூடும். இன்யூலின் கரையும் தான், ஆனா பெருங்குடல்ல வேகமா புளிச்சு கேஸ் ஆயிரும். சாயந்தரம் நாலு பிஸ்கட் சாப்ட்டா ராத்திரி வயிறு டிரம் மாதிரி ஆகிருது எனக்கு.

அடுத்து ப்ரோபயாட்டிக் பால். யாகுல்ட் 65 மில்லி பாட்டில், ஒண்ணுல 650 கோடிக்கு மேல நல்ல பாக்டீரியான்னு போட்டிருக்காங்க, குடிக்க நல்லா இருக்கு, சக்கரை இருக்கு சுகர்காரங்க பாத்துக்கோங்க. இதெல்லாம் 10 டிகிரிக்கு கீழ வச்சாத்தான் உண்டு. எங்க ஏரியால ஒரு கடைல ராத்திரி ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு போறாங்க, காலைல பாட்டில தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, நம்ம ஊர் வெயில்ல இது சின்ன விஷயமே இல்ல. ஜில்லுன்னு இல்லாத பாட்டில வாங்காதீங்க. எனக்கு உப்புசம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவு தான். 2021ல வந்த பிரிட்டிஷ் குடல் டாக்டர்கள் வழிகாட்டில 12 வாரம் வரை ட்ரை பண்ணலாம், பலன் இல்லன்னா நிறுத்திருங்கன்னு இருக்கு, அதே வருஷம் அமெரிக்க டாக்டர்கள் வழிகாட்டி ப்ரோபயாட்டிக்க பரிந்துரைக்கவே இல்ல. மாசக்கணக்கா வாங்கி காச கரைக்க வேணாம்.

இசப்கோல், அதாவது ஒரு செடி விதையோட உமி, அதுக்குத்தான் என் ஓட்டு. மெடிக்கல்ல சும்மா உமி மாதிரி டப்பால இருக்கும், விளம்பரமே கிடையாது, ஆனா ரெண்டு வழிகாட்டியும் ஒத்துக்கிறது இந்த மாதிரி கரையுற நாரைத்தான். ஒரு டம்ளர் தண்ணில போட்டு கலக்குனதும் குடிச்சிரணும், ரெண்டு நிமிஷம் விட்டா கொழகொழன்னு ஜெல்லியா நின்னுரும் தொண்டைல இறங்காது. அதே கொழகொழப்பு தான் உள்ள போயி இறுகுன மலத்த இளக்குது, தண்ணியா போறத கட்டுது. 3-4 கிராம்ல ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க, எடுத்தவுடனே ரெண்டு ஸ்பூன் அள்ளிப்போட்டா கேஸ் தான், பகல்ல தண்ணியும் நிறைய குடிக்கணும்.

தை மாசம் சாயல்குடி பக்கம் பனங்கிழங்கு கட்டு கட்டா வரும், நார் ஏகப்பட்டது, ஆனா உப்புசம் இருக்கிற நாள்ல எனக்கு ஒத்துக்கல. குண்டு மிளகாயும் அப்படித்தான், 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ஊர் பெருமை, ஆனா மீன் குழம்புல அத குறைக்காம வெறும் பாட்டில நம்புனா வலி நிக்காது. வீட்டு மோர் தினமும் குடிக்கிறேன், பால் ஒத்துக்காதவங்களுக்கும் அது ஓரளவு ஒத்துக்குது.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிச்ச தொந்தரவு, இதுல எது இருந்தாலும் ரேக்க பாக்காம மொதல்ல டாக்டர பாருங்க. தினமும் மாத்திரை போடுறவங்க இசப்கோலுக்கும் மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க.