444-ஐ யார் பிடிப்பார்? லினக்ஸ் கர்னலின் மூன்று பெர்மிஷன் சோதனைகள்

டிரைவர் எழுதும்போது, கர்னல் தன் தகவல்களை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு ஃபைலின் அனுமதியாக 0444 என்று போட வேண்டிய இடத்தில் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 444 என்று அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். முன்னால் பூஜ்யம் இருந்தால்தான் சி மொழி அதை ஆக்டலாக (எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக) எடுக்கும்; இல்லாவிட்டால் அது சாதாரண டெசிமல் எண், ஆக்டலில் அது 0674. கடைசி மூன்று ஆக்டல் இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களின் அனுமதி; படிக்க 4, எழுத 2, இயக்க 1. எல்லாரும் படிக்க மட்டும் என்று நினைத்த ஃபைலில் உரிமையாளருக்கும் குழுவுக்கும் எழுதும் அனுமதி வந்துவிடுகிறது, குழுவுக்கு இயக்கும் அனுமதி வேறு. இந்த ஒரு தவறை வைத்தே மூன்று சோதனைகளையும் உரசிப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, கம்பைல் ஆகும்போதே எண்ணைச் சோதிக்கும் வெரிஃபை_ஆக்டல்_பெர்மிஷன்ஸ் மேக்ரோ. கர்னல் டெவலப்பர் ரஸ்டி ரஸ்ஸல் 2014-ல் இதைக் கடுமையாக்கினார். எண் 0777-ஐத் தாண்டக் கூடாது, உரிமையாளருக்கு இல்லாத படிக்கும் அனுமதி குழுவுக்கு இருக்கக் கூடாது, குழுவுக்கு இல்லாதது மற்றவர்களுக்கு இருக்கக் கூடாது, மற்றவர்களுக்கு எழுதும் அனுமதி அறவே கூடாது. மீறினால் கம்பைலே ஆகாது, ஓடும்போது ஒரு நொடிகூடச் செலவில்லை. 644 என்று அடித்தால் அது ஆக்டலில் 01204, அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் 444? 0674 இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். 200-ம் அப்படித்தான், அது 0310.

அடுத்தது ஓடும்போது நடக்கும் சோதனை. ஆட்ரிப்யூட்டுகளை, அதாவது இந்த ஃபைல்களை, கூட்டாகப் பதிவு செய்யும்போது சிஸ்எஃப்எஸ் 0664-க்கு வெளியே உள்ள பிட்டுகளைப் பார்த்தால் எச்சரிக்கை போட்டு, அவற்றை வெட்டியும் விடுகிறது. நம் 0674 இங்கே பிடிபடும், ஆனால் 0664 ஆகத்தான் நிற்கும், குழுவின் எழுதும் அனுமதி அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய குறை, அந்த ஹார்ட்வேர் இருக்கும் மெஷினில் டிரைவர் ஏறினால்தான் எச்சரிக்கையே வரும். பேனிக்_ஆன்_வார்ன் என்ற செட்டிங் போட்டிருந்தால் மெஷினே நின்றுவிடும். இருந்தாலும் அனுமதியைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கும் இடங்களில் இதைத் தவிர வழியில்லை, மேக்ரோவுக்கு மாறாத எண்தான் வேண்டும்.

மூன்றாவது, பேட்ச்சை (அனுப்பப் போகும் கோட் மாற்றத்தை) சரிபார்க்கும் செக்பேட்ச், வெறும் பெர்ல் ஸ்கிரிப்ட். வரியை மட்டும் பார்க்கும், அர்த்தம் தெரியாது, யாராவது ஓட்டினால்தான் உண்டு. ஆனால் 444-ஐ நேராகப் பிடிப்பது இதுதான், நான்கு இலக்க ஆக்டல் போடு, டெசிமல் வேண்டாம் என்று சொல்லிவிடும். மேக்ரோ எட்டிப் பார்க்காத டீபக்எஃப்எஸ், ப்ராக் (சிஸ்எஃப்எஸ் போல கர்னல் காட்டும் வேறு இடங்கள்) ஃபைல்களையும் பார்க்கிறது. எஸ்_ஐஆர்யுஜிஓ (0444-க்கான பெயர்) போன்றவற்றுக்குப் பதில் எண்ணையே எழுதச் சொல்வதும் சரிதான், 0444-ஐப் பார்த்ததும் புரிகிறது, அந்தப் பெயரை மனத்துக்குள் பிரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, எதை எடுப்பது? சாதாரண டிவைஸ் ஆட்ரிப்யூட் என்றால் எண்ணையே எழுதாதீர்கள். டிவைஸ்_ஆட்டர்_ஆர்ஓ மேக்ரோ 0444-ஐயும், ஆர்டபிள்யூ 0644-ஐயும், டபிள்யூஓ 0200-ஐயும் தானே போட்டுக்கொள்ளும், பூஜ்யத்தை மறக்க இடமே இல்லை. மாட்யூல் பாராமீட்டருக்கும் டீபக்எஃப்எஸ்ஸுக்கும் எண் எழுதித்தான் ஆக வேண்டும், அங்கே பேட்ச் அனுப்பும் முன் செக்பேட்ச் ஓட்டிவிடுங்கள்.